வாழ்க்கைத் தரம் வேறு, வாழ்நலம் வேறு

நீலகிரியில் உடல்நலக் கணக்கெடுப்புக்கு வருகிறவர்களின் தமிழ்ப் படிவங்களில் ஒரு சொல் தவறாமல் இருக்கும்: வாழ்க்கைத் தரம். ஆங்கிலத்தில் 'குவாலிட்டி ஆஃப் லைஃப்' என்று இருப்பதை இப்படித்தான் பெயர்க்கிறார்கள். கோத்தகிரி, குன்னூர், கூடலூர், எங்கே போனாலும் இதே சொல்தான். மாணவர்களின் ஆய்வேட்டிலும் இதுதான், மருத்துவமனைச் சுவரொட்டியிலும் இதுதான். இந்தச் சொல் தவறு. ஒரு சொல்தானே, போகட்டும் என்று விடவும் முடியவில்லை. கேள்வியில் இது நின்றால் வருகிற விடையே வேறாகிவிடுகிறது.

முதலில் மூலம். 'குவாலிட்டி' என்பது 'எப்படிப்பட்டது' என்று பொருள்படும் 'குவாலிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அடிப்பொருளில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. 'குவாலிட்டி ஆஃப் லைஃப்' என்ற தொடர் பொதுப்பேச்சில் பரவியது 1960களில். 1964 தேர்தல் பரப்புரையில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன், நாட்டின் இலக்குகளை வங்கிக் கையிருப்பை வைத்து அளக்க முடியாது, மக்கள் வாழும் வாழ்வு எப்படிப்பட்டது என்பதை வைத்துத்தான் அளக்க முடியும் என்ற பொருளில் பேசினார். பணமும் வசதியும் மட்டும் போதாது என்று சொல்லவே இந்தத் தொடர் பயன்பட்டது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மருத்துவம் இதை எடுத்துக்கொண்டது. உலக சுகாதார நிறுவனம் 1991இல் இதற்கென ஒரு வினாத்தொகுப்பை உருவாக்கத் தொடங்கியது. பல நாடுகளில் இருந்த 15 மையங்களில் ஒரே நேரத்தில் வேலை நடந்தது. அவற்றில் சென்னையும் புதுதில்லியும் உண்டு. முதலில் 100 கேள்விகள். பிறகு 26 கேள்விகளில் ஒரு சுருக்கம்: உடல், மனம், உறவுகள், சுற்றுச்சூழல் என்று நான்கு பகுதிகள். அந்த நிறுவனம் தந்த வரையறையின் சாரம் இது: ஒருவர் தம் பண்பாட்டுக்குள், தாம் மதிக்கும் மதிப்பீடுகளுக்குள் நின்று, தம் இலக்குகளையும் எதிர்பார்ப்புகளையும் கவலைகளையும் வைத்து, தம் வாழ்வில் தாம் இருக்கும் இடத்தைத் தாமே எப்படிப் பார்க்கிறார் என்பது. இதில் 'தாமே' என்பதுதான் உயிர். வீடும் பணமும் போக்குவரத்தும் இதில் இல்லாமல் இல்லை. சுற்றுச்சூழல் என்ற பகுதிக்குள் அவை இருக்கின்றன. அந்தப் பகுதிக்கு 26இல் 8 கேள்விகள்.

இனி நம் சொல்லுக்கு வருவோம். தரம் என்றால் என்ன? குன்னூர் ஏலத்துக்குப் போகும் தேயிலைக்குத் தரம் உண்டு. தூள் எப்படி, நிறம் எப்படி, சாறு எப்படி என்று பார்த்து, சுவைத்துப் பழகிய ஒருவர் தரம் சொல்வார். இதுதான் தமிழில் இந்தச் சொல்லின் இயல்பு. தரத்தை வெளியில் இருந்து இன்னொருவர்தான் போட வேண்டும். இரண்டாம் தரம், மட்டத் தரம், தரம் பிரித்தல், தரச் சான்றிதழ் எல்லாமே அப்படித்தான். மனிதரோடு சேர்ந்தால் இன்னும் மோசம். 'தரங்கெட்ட' என்று யாரையாவது சொல்லிப் பாருங்கள், சண்டை வரும். 'தராதரம் தெரியாதவன்' என்பதும் வசவுதான். டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரிடம் "உங்கள் வாழ்க்கைத் தரம் குறைந்திருக்கிறது" என்று சொன்னால் அவர் காதில் என்ன விழும்? தம் நோய் தம்மைப் படுத்தும் பாட்டைச் சொல்கிறார்கள் என்றா, தம்மை ஒரு படி கீழே வைக்கிறார்கள் என்றா?

அதோடு, வாழ்க்கைத் தரம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. பொருளாதாரப் பாடத்தில் 'ஸ்டாண்டர்ட் ஆஃப் லிவிங்' என்பதற்கு அதுதான் தமிழ். நல்ல தமிழ், பொருத்தமான தமிழ். நாடுகளின் முன்னேற்றத்தை ஒப்பிட 1990இல் வந்த மனித மேம்பாட்டுக் குறியீட்டில் ஆயுள், கல்வி என்ற இரண்டோடு மூன்றாவதாக நிற்பது வாழ்க்கைத் தரம்தான். வறுமையை வருமானம் தவிர்த்துப் பல கோணங்களில் அளக்க 2010இல் வந்த பல்பரிமாண வறுமைக் குறியீட்டில் அந்தத் தலைப்பின் கீழ் எதையெல்லாம் எண்ணுகிறார்கள் என்று பாருங்கள்: சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வீடு, உடைமைகள். அதிகாரி ஒருவர் வாசலில் நின்று பார்த்தே குறித்துவிடக்கூடியவை. இந்தச் சொல்லையே கொண்டுபோய், ஒருவரின் உள்ளத்தைக் கேட்டால் மட்டுமே தெரியக்கூடிய ஒன்றுக்கும் வைத்தால், இரண்டையும் எப்படிப் பிரித்துப் பேசுவது? ஒரே கட்டுரையில் இரண்டும் வரும்போது மொழிபெயர்ப்பாளர் என்ன செய்கிறார் என்று பார்த்திருக்கிறேன். ஒரு பத்தியில் வாழ்க்கைத் தரம் என்று எழுதுகிறார். அடுத்த பத்தியில் வாழ்வின் தரம் என்று எழுதுகிறார். வேறுபடுத்திவிட்டதாக நினைக்கிறார். வாழ்க்கைக்கும் வாழ்வுக்கும் நடுவே அப்படி ஒரு வேறுபாடு எந்தத் தமிழர் காதிலும் விழாது.

கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இதை நேரிலேயே பார்த்தேன். படிவத்தோடு வந்த பெண் நன்றாகத்தான் கேட்டாள். "அம்மா, உங்க வாழ்க்கைத் தரம் எப்படி இருக்குன்னு சொல்வீங்க? ரொம்ப மோசம், மோசம், சுமார், நல்லா இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு. இதுல எது?" கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த அந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்களுக்கு என்ன தரம் கண்ணு. ஷீட்டு ஒழுகுது. கேஸ் இருக்கு, கார்டு இருக்கு. சுமார்னு போட்டுக்க." பேனா 'சுமார்' என்ற கட்டத்தில் விழுந்தது. கூரையைப் பற்றிய விடை, வாழ்வைப் பற்றிய கேள்விக்கு நேரே பதிவானது. பிறகு தேநீர் குடிக்கும்போது, "சரிம்மா, வாழ்க்கை உங்களுக்கு எப்படிப் போகுது?" என்று நான் கேட்டேன். மூட்டு வலியில் இரவு தூக்கம் வராதது, மூட்டையைச் சுமந்துகொண்டு சரிவில் இறங்கும்போது வரும் பயம், திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் ராத்திரி தவறாமல் போன் செய்வது, அவன் குரல் கேட்டால் வலி பாதியாகக் குறைவது, எல்லாம் வந்தது. ஆய்வு தேடி வந்தது இதைத்தான். படிவத்தில் இது ஏறவில்லை.

இந்த மலையில் இந்தக் குழப்பம் சாதாரணக் குழப்பம் இல்லை. அரிவாள் செல் சோகையை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோய் அது. இந்தியாவில் அதற்கான மரபணு இருப்பது 1952இல் முதன்முதலில் தெரியவந்ததே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். அந்த நோய் உள்ள ஒருவரை வெளியில் இருந்து பார்த்தால் பல நாள் ஒன்றும் தெரியாது. வலி வரும்போது எலும்பே முறிவதுபோல் வரும். குளிர் அதைக் கிளப்பிவிடும், உடலில் நீர் குறைந்தாலும் கிளப்பிவிடும். அரசு கட்டித்தந்த கான்கிரீட் வீட்டில், மின்விளக்குக்குக் கீழே, குழாய்த் தண்ணீர் வசதியோடு ஒருவர் அந்த வலியில் சுருண்டு கிடக்கலாம். அவருடைய வாழ்க்கைத் தரம் உயர்ந்திருக்கிறது என்று ஒரு கணக்கெடுப்பு சொல்லும். அது உண்மையும்கூட. ஆனால் அவர் வாழ்வு எப்படிப்பட்டது என்பது வேறு கேள்வி. அதைக் கேட்க வேறு சொல் வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடுமையான அல்லது ஓரளவு கடுமையான உடல் ஊனம் உள்ளவர்களைக் கேட்டபோது, தம் வாழ்வு நன்றாக அல்லது மிக நன்றாக இருப்பதாகப் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்னார்கள். வெளியில் இருந்து தரம் போடுகிறவர்களுக்கு இது ஒருநாளும் புரியாது.

சரி, மாற்றுச் சொல் என்ன? தனித்தமிழ் ஆர்வலர் சிலர் 'வாழ்தரம்' என்கிறார்கள். சுருக்கம்தான், ஆனால் தரம் என்ற கோளாறு அப்படியே இருக்கிறது. 'வாழ்க்கைப் பண்பு' என்றும் கேட்டிருக்கிறேன். பண்பு என்றால் தமிழில் ஒழுக்கம் நினைவுக்கு வரும். 'நோயாளியின் வாழ்க்கைப் பண்பு குறைந்தது' என்று எழுதினால் அவர் குடியில் இறங்கிவிட்டார் என்று படிப்பார்கள். 'வாழ்வு நிறைவு' நல்ல சொல், ஆனால் அது வாழ்வில் திருப்தி என்ற வேறொரு கருத்துக்கு வேண்டும். உளவியலில் அதற்குத் தனி அளவுகோலே இருக்கிறது. 'நல்வாழ்வு' என்பதை மக்கள் நல்வாழ்வுத் துறை எடுத்துக்கொண்டுவிட்டது. அதோடு முன்னால் 'நல்' நிற்பதால் 'மோசமான நல்வாழ்வு' என்று சொல்ல வேண்டி வரும்.

நான் சொல்வது வாழ்நலம். உடல்நலம், மனநலம் என்று ஏற்கெனவே வழங்கும் சொற்களோடு வரிசையாக நிற்கிறது. நலம் என்பதில் நன்மை இருக்கிறதே, குறைவை எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். உடல்நலம் குன்றியது, உடல்நலக் குறைவு, உடல்நலம் தேறியது என்று தினமும் சொல்கிறோமே. வாழ்நலமும் அப்படியே குன்றும், தேறும். இலக்கணமும் இடம் கொடுக்கிறது: வாழ்நாள் எப்படி வினைத்தொகையோ அப்படியே வாழ்நலமும். வாழ்ந்த நலம், வாழ்கிற நலம், வாழப்போகும் நலம் மூன்றும் அதில் அடங்கும். வாழ்நாளை மருத்துவம் கூட்டியிருக்கிறது, வாழ்நலம் கூடியதா என்று ஒரே வரியில் கேட்க முடிகிறது. இந்தத் துறை முழுவதும் கேட்கிற கேள்வியே அதுதான்.

இதன் கூடவே வரும் இன்னொரு தொல்லை, தம் உடல்நலத்தைப் பற்றி மக்களுக்கே உள்ள பார்வையைக் குறிக்கும் 'ஹெல்த் பெர்செப்ஷன்'. 'சுகாதாரப் புலனுணர்வு' என்று ஒரு படிவத்தில் பார்த்தேன். கண், காது, மூக்கால் உணர்வது புலனுணர்வு. சுகாதாரம் என்றால் நம் ஊர்களில் சாக்கடை, குப்பை, கொசு மருந்து. இரண்டையும் சேர்த்தால் என்ன கிடைக்கும்? இன்னொருவர் 'தன்னல மதிப்பீடு' என்று போட்டிருந்தார். தன் நலத்தைத் தானே மதிப்பிடுவது என்று அவர் எண்ணியிருப்பார். தன்னலம் என்றால் சுயநலம் என்பது அச்சுக்குப் போகும்வரை யார் கண்ணிலும் படவில்லை. 'உடல்நல எண்ணம்' போதும். தம் உடல்நலத்தைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதுதானே விஷயம்.

இந்த எண்ணம் எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு நாடுகாணி மலைப்பாதையில் கேரளத்துக்கு இறங்கினாலே போதும். பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் 2002இல் இதை எழுதினார். இந்திய மாநிலங்களில் ஆயுள் மிக நீண்டது கேரளத்தில். தமக்கு நோய் இருப்பதாக மிக அதிகமாகச் சொல்கிறவர்களும் அங்கேதான். ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்கிறவர்கள் மிகக் குறைவு. அமெரிக்கர்களைக் கேட்டால் கேரளத்தையும் மிஞ்சிச் சொல்கிறார்கள். படிப்பும் மருத்துவமனையும் பக்கத்தில் இருந்தால்தான் ஒன்றை நோய் என்று பெயர் வைத்துச் சொல்லத் தெரிகிறது. வாழ்நாள் முழுக்க முதுகு வலித்தவருக்கு அது வயசுக்கோளாறு, வேலைக்கோளாறு. நோய்க் கணக்கில் வராது. அதற்காக எண்ணத்தைத் தூக்கி எறியவும் முடியாது. 'உங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது' என்ற ஒற்றைக் கேள்விக்கு வரும் விடை, யார் முன்னதாக இறப்பார்கள் என்பதை மருத்துவச் சோதனைகளுக்கும் அப்பால் நின்று காட்டுகிறது. 27 ஆய்வுகளைத் தொகுத்து 1997இல் ஐட்லரும் பென்யாமினியும் காட்டியது இது. இவ்வளவு கனமான கேள்வியைத்தான் புலனுணர்வு என்று எழுதிப் பாழடிக்கிறோம்.

தவறு ஏன் தப்பித்துப் போகிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆங்கிலப் படிவத்தை ஒருவர் தமிழாக்குவார். இன்னொருவர் அந்தத் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். இரண்டு ஆங்கிலமும் ஒத்துப்போனால் சரி என்பார்கள். திரும்ப ஆங்கிலமாக்குகிறவரும் அதே கல்லூரியில் படித்தவர். வாழ்க்கைத் தரம் என்று பார்த்ததும் 'குவாலிட்டி ஆஃப் லைஃப்' என்று எழுதிவிடுகிறார். காகிதம் ஒத்துப்போகிறது. இதற்குப் பிறகு செய்ய வேண்டிய ஒரு படி முறைப்படி உண்டு. யாரைக் கேட்கப் போகிறோமோ அவர்களில் சிலரிடம் கேள்வியைப் படித்துக் காட்டி, 'இதை நீங்கள் என்னவென்று புரிந்துகொண்டீர்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்' என்று கேட்பது. அந்தப் படியைத்தான் நேரமில்லை என்று தாண்டிவிடுகிறார்கள். இந்த மலையில் அதைத் தாண்டவே கூடாது. இங்கே படகர், தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என்று பலருக்குத் தமிழ் வீட்டு மொழி கிடையாது. 1964இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையில் இருந்து வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களுக்குத் தமிழ்தான் தாய்மொழி. ஆனால் இலங்கைத் தமிழில் தரம் ஐந்து என்றால் ஐந்தாம் வகுப்பு.

வாழ்நலமும் கேட்டதும் புரிந்துவிடும் சொல் என்று நான் சொல்லவில்லை. அறிக்கைக்கும் ஆய்வேட்டுக்கும் தலைப்புக்கும் அது. வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்கும்போது கலைச்சொல்லே வேண்டாம். "மொத்தத்துல பார்த்தா, இந்த ரெண்டு வாரமா உங்க வாழ்க்கை உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று படிவத்திலேயே அச்சடித்துவிடலாம். படித்தவர் எழுதியதுபோல் இல்லை என்று ஆய்வுக்குழுவில் யாராவது தடுப்பார்கள். தடுத்தால், அந்த எஸ்டேட் லைனுக்கு அவரையே படிவத்தோடு அனுப்புங்கள்.