ஹிஜாப்: தமிழில் முக்காடு

நாகூர்க் கடைத்தெருவில் ‘ஹிஜாப்’ என்று கேட்டால் தலையையும் கழுத்தையும் மறைக்கும் துணியை எடுத்துப் போடுகிறார்கள். அரபு மொழியில் இந்தப் பொருள் பிற்காலத்தில் வந்தது. ‘ஹஜப’ என்றால் மறைத்தான், தடுத்தான். அதில் பிறந்த ஹிஜாப், முதலில் இடையில் நிற்கும் திரை. நபியின் மனைவியரிடம் எதையேனும் கேட்பதானால் ஹிஜாபுக்கு அப்பால் இருந்து கேளுங்கள் என்கிற குர்ஆன் வசனத்தில் (33:53) அது திரைதான்.

தலைத்துணிக்குக் குர்ஆன் ஆளும் சொல் ‘கிமார்’. அதை மார்பின் மேல் போட்டுக்கொள்ளட்டும் என்கிறது 24:31. அதற்கு முந்திய வசனம் ஆண்களைப் பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறது. பெண்களின் உடையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் அதைத் தாண்டிப் போவது எனக்குப் பொறுப்பதில்லை.

கிமாருக்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம், முக்காடு இருக்கிறது. பேச்சில் அது ‘முட்டாக்கு’ என்றும் ஆகும். ‘முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு’ என்று எல்லா மதத்தாரும் புழங்கும் சொல். சிலர் ‘பர்தா’ என்று எழுதுகிறார்கள். அது பாரசீகம், அதற்கும் பொருள் திரையே.

நம் டெல்டா ஊர்களில் ‘துப்பட்டி’யும் உண்டு. வெளியே போகும்போது சேலைக்கு மேல் தலையோடு போர்த்தும் வெள்ளைத் துணி. இந்துஸ்தானி ‘துபட்டா’விலிருந்து வந்தது, ‘தோ’ என்றால் இரண்டு, ‘பட்டா’ துணிப்பட்டை. வளைகுடா வேலைகள் பெருகியபின் ‘அபாயா’ என்னும் கறுப்பு நீள அங்கி வந்து துப்பட்டியைப் பெட்டிக்குள் அனுப்பிவிட்டது. கூத்தாநல்லூர் போன்ற ஊர்களுக்கு மலேசியத் தொடர்பும் உண்டு. மலேசியாவில் தலைத்துணிக்குப் பெயர் ‘துடோங்’.

மோஸ்தர் மாறினாலும் முக்காடு என்ற சொல் அப்படியே பொருந்துகிறது. என் லாத்தா (அக்கா) மகள் கல்லூரிக்குக் கிளம்பும்போது பார்ப்பேன். முடி நழுவாமல் உள்தொப்பி, அதன்மேல் வெளிர்பச்சை ஷால், தாடைக்குக் கீழே ஓர் ஊசி, தோளில் ஒன்று. மூன்றாவது ஊசி உதட்டுக்கிடையில். மடிப்பு மனத்துக்குப் பிடிக்கும்வரை கண்ணாடியை விடமாட்டாள். அந்த அக்கறையை ‘ஹயா’வுக்கு, அதாவது நாணத்துக்கு, எதிராக நிறுத்துவது தவறு என்பேன். அவளுக்கு அது ‘ஹிஜாப்’. திண்ணையில் இருக்கும் உம்மம்மாவுக்கு, அதாவது பாட்டிக்கு, முக்காடு.

“உன் முக்காடு சரியாமல் நிற்கிறதே, எனக்கும் ஓர் ஊசி குத்திவிட்டுப் போ” என்று தன் வெள்ளைத் துப்பட்டியை நீட்டினார் உம்மம்மா.