எஸ்டி கார்டை மாற்றிச் செருகினால் ஏன் எழவில்லை?

ஒரு பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டினால் லினக்ஸ் பெரும்பாலும் எழுந்துவிடும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய, ராஸ்பெரி பை போன்ற சின்ன ஏ.ஆர்.எம். போர்டில் அது நடக்காது. ஒரு போர்டுக்கு எழுதிய கார்டைப் பக்கத்து போர்டில் செருகினால் சிவப்பு விளக்கு மட்டும் எரியும்.

கம்ப்யூட்டரில் முதலில் ஓடும் பயோஸோ யூ.ஈ.எஃப்.ஐ.யோ என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று லினக்ஸின் மையமான கெர்னலுக்குச் சொல்லிவிடும், பி.சி.ஐ. கார்டுகள் கேட்டால் தாமே பெயர் சொல்லும். ஏ.ஆர்.எம். சிப்பில் சீரியல் போர்ட்டும், சென்சார் போன்றவற்றை இணைக்கும் ஐ-ஸ்கொயர்-சி.யும் ஏதோ ஒரு முகவரியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கும். முன்பு ஒவ்வொரு போர்டுக்கும் கெர்னலுக்குள்ளேயே தனி சி கோப்பு எழுதினார்கள். அந்தக் குப்பை பெருகுவதை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2011-ல் கடுமையாகச் சாடிய பிறகு, அந்த விவரமெல்லாம் டிவைஸ் ட்ரீ என்ற தனிக் கோப்புக்குப் போனது. கெர்னல் பொது, டிவைஸ் ட்ரீ மட்டும் போர்டுக்கு ஒன்று.

கெர்னல் வருவதற்கு முன்பே சிக்கல் தொடங்கிவிடுகிறது. சிப்புக்குள் பொறிக்கப்பட்ட பூட் ரோம் (ROM), கெர்னலை ஏற்றிவிடும் யூ-பூட் என்ற நிரலைக் கார்டில் தனக்குத் தெரிந்த இடத்தில் மட்டும் தேடும். ஆல்வின்னர் நிறுவனச் சிப்புக்கு அது 8 கே.பி. தள்ளி, ராக்சிப் நிறுவனத்துக்கு 64-ஆவது செக்டார் (512 பைட் துண்டு), அதாவது 32 கே.பி. தள்ளி. பீகிள்போன் பிளாக் போர்டு ஃபேட் பார்ட்டிஷனில் எம்.எல்.ஓ. என்ற கோப்பையும் தேடும். ஆல்வின்னர் கார்டை ஜி.பி.டி. என்ற புதிய முறையில் பார்ட்டிஷன்களாகப் பிரித்தால், அதன் அட்டவணை 33-ஆவது செக்டார் வரை நீண்டு, 16-ஆவது செக்டாரில் இருக்கும் யூ-பூட்டை அழித்துவிடும். பழைய எம்.பி.ஆர். முறையே பாதுகாப்பு; முதல் பார்ட்டிஷனை 1 எம்.பி.க்குப் பிறகு தொடங்குங்கள்.

எங்கே நிற்கிறது என்று ஊகிப்பது வீண் வேலை. போர்டு எழும்போது சொல்லும் செய்திகளைக் கம்ப்யூட்டரில் படிக்க 3.3 வோல்ட் யூ.எஸ்.பி. சீரியல் கேபிள் ஒன்று போதும் (5 வோல்ட் வேண்டாம், சிப் போய்விடும்). கிரவுண்டைக் கிரவுண்டோடும், டி.எக்ஸை (அனுப்பும் முனை) ஆர்.எக்ஸோடும் (பெறும் முனை) இணைத்து, வேகத்தை 1,15,200 வையுங்கள். ராக்சிப்பில் பெரும்பாலும் 15,00,000. தவறினால் கிறுக்கெழுத்துதான் வரும்.

ஒன்றுமே வரவில்லையா? யூ-பூட் இடம் தவறு, இல்லை பவர் பற்றவில்லை. 'ஸ்டார்டிங் கெர்னல்' என்று வந்து மௌனமானால் வேறு போர்டின் டிவைஸ் ட்ரீ ஏறியிருக்கலாம். அல்லது கெர்னல் நன்றாகவே ஓடிக்கொண்டு, வேறு கன்சோல் (செய்தி வெளியாகும் போர்ட்) பெயரில் பேசிக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டாவதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். லினக்ஸ் கோப்புகள் இருக்கும் ரூட் பார்ட்டிஷன் கிடைக்காமல் கெர்னல் பேனிக் ஆகி நின்றால், போர்டிலேயே பதித்த இ.எம்.எம்.சி. சேமிப்புச் சிப்பும் இருப்பதால் கார்டின் எண் 0-விலிருந்து 1-க்கு மாறியிருக்கலாம். எண்ணுக்குப் பதில் பார்ட்டிஷனின் யூ.யூ.ஐ.டி. என்ற தனி அடையாளத்தைக் கொடுங்கள்.

'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' (சிப்புக்குப் புரியாத கட்டளை) என்று வந்தால் கதை வேறு. 2012-ல் வந்த முதல் ராஸ்பெரி பையின் சிபியு ஆறாம் தலைமுறை ஏ.ஆர்.எம். வகை. டெபியன் என்ற லினக்ஸின் ஆர்ம்-எச்.எஃப். தொகுப்போ ஏழாம் தலைமுறைக்கானது. அதனால்தான் பைக்கான ராஸ்பியன் என்ற லினக்ஸைத் தனியாக கம்பைல் செய்ய வேண்டி வந்தது.

கார்டு சரி, யூ-பூட் சரி, ஆனாலும் பாதியில் ரீஸ்டார்ட் ஆகிறதென்றால் கேபிளைப் பாருங்கள். ராஸ்பெரி பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். மெல்லிய கேபிளில் அந்த மின்னோட்டம் போகும்போது போர்டை எட்டும் வோல்டேஜ் இறங்கிவிடும். சித்திரை வெயிலில் மொட்டை மாடிப் பெட்டிக்குள் வைத்த பை மெதுவானால் அது வேறு நோய்: சிப் 80 டிகிரியை எட்டியதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.