தாயின் பயம் வயிற்றுப் பிள்ளைக்குப் போகுமா?

மாங்குளத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். ஏழு மாதக் கர்ப்பிணி. இரவில் யானை காணிக்குள் வந்து வேலியை முறித்ததில் நடுங்கிப்போனாராம். "உன்ர பயம் பிள்ளைக்கு இறங்கியிருக்கும், போய் நூல் கட்டுவிச்சுக்கொண்டு வா" என்கிறாராம் மாமி.

பயந்தால் அதிரீனல் சுரப்பி கோட்டிசோல் என்ற ஓமோனைச் சுரக்கும். அது பள்ளியில் படித்ததுதான். கோட்டிசோல் கொழுப்பில் கரையும். மென்சவ்வுகளைச் சுலபமாகக் கடக்கும். அப்படியானால் பிள்ளையின் இரத்தத்திலும் அதே அளவு இருக்க வேண்டுமே? இல்லை, பல மடங்கு குறைவு.

காரணம், சூல்வித்தகத்தில் (நஞ்சுக்கொடியில்) தாயின் இரத்தம் தொட்டுச் செல்லும் படையில் இருக்கும் ஒரு நொதியம். பெயர் நீளம்: 11-பீட்டா ஹைட்ரொக்சிஸ்டீரொயிட் டீஹைட்ரோஜினேஸ் வகை 2. வேலையோ மிகச் சின்னது. கோட்டிசோலின் 11ஆம் காபன் இருக்கும் இடத்திலிருந்து இரண்டே இரண்டு ஐதரசன் அணுக்களைக் கழற்றும். அவ்வளவுதான், மூலக்கூறு கோட்டிசோன் ஆகிவிடுகிறது. திறப்பின் ஒரு பல்லைத் தேய்த்துவிட்டால் பூட்டு அசையாதது போல, கலத்தின் ஏற்பிகளில் அது பொருந்தாது. கோட்டிசோல் கடந்து போகும் வழியிலேயே இது நடக்கிறது. ஒரு சிறு பங்கு தப்பிப் போகத்தான் செய்யும்.

இதைவிட அழகானது அடுத்தது. குறைமாதத்தில் பிரசவம் ஆகலாம் என்றால், பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு பீட்டாமெதசோன் ஊசி போடுவார்கள். 1972இல் நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் காட்டிய வழி. அதுவும் கோட்டிசோலின் உறவுதான். ஆனால் 9ஆம் காபனில் ஒரு புளோரின் அணு இருப்பது போன்ற சிறு மாற்றங்களால் இந்த நொதியத்தால் அதைச் செயலிழக்கச் செய்வது கடினம். மருந்து பிள்ளையைச் சேர்கிறது. புளோரின் இல்லாத பிரெட்னிசலோன் என்ற உறவு மருந்தைத் தாய் எடுத்தால் பெரும்பகுதி நின்றுவிடும். அத்தனை சின்ன வித்தியாசம்தான்!

ஆகவே தங்கச்சி, அந்த ஓர் இரவுப் பயத்துக்காக உங்களைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நூலால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, கெட்டதும் இல்லை. நான் கவலைப்படுவது இருமலுக்குக் காய்ச்சித் தரும் அதிமதுரக் கசாயத்தைப் பற்றி. அதிலுள்ள கிளிசிரைசின் இதே நொதியத்தைத்தான் முடக்குகிறது. பின்லாந்தில் அதிமதுர மிட்டாய் அதிகம் தின்ற தாய்மாரின் பிள்ளைகளை வருடக்கணக்காகத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். இன்று அங்கே கர்ப்பிணிகளை அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகின்றன. நம் கசாயங்களை இரு துறையினரும் சேர்ந்து ஆராயக் காசு ஒதுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதுவரை பிள்ளை பிறக்கும்மட்டும் அதிமதுரம் வேண்டாம். இருமல் நிற்காவிட்டால் அடுத்த கிளினிக்கில் மிட்வைஃபிடம் சொல்லுங்கள்.