கஸ்தில்யா: கோட்டைகள் என்னும் பெயர்கொண்ட நாடு

சொல்: கஸ்தில்யா. வழங்கும் பிற வடிவங்கள்: காஸ்டில், காஸ்டைல், கசுத்தில்யா. நேர்ப்பொருள்: சிற்றரண்கள், அதாவது சிறு கோட்டைகள்.

இன்றைய ஸ்பெயினின் வடக்கே, கந்தாப்ரிய மலைத்தொடருக்குத் தெற்கில், எப்ரோ ஆற்றின் தலைப்பகுதியில் ஓர் எல்லைப்புறமாகத் தொடங்கி, சில நூற்றாண்டுகளில் ஐபீரியத் தீபகற்பத்தின் பெரும்பகுதியை ஆளும் அளவுக்கு வளர்ந்த இடைக்கால அரசின் பெயர் இது. தமிழில் 'காஸ்டில்' என்று எழுதும் வழக்கம் ஆங்கில நூல்கள் வழியாக வந்தது. அதைவிட 'கஸ்தில்யா' என்று எழுதுவதே பொருத்தம் என்பேன். ஸ்பானிய மொழியில் இப்பெயரின் முதல் உயிர் குறில். நடுவில் வரும் ஒலி நம் தகரத்தைப் போல நாக்கு பல்லைத் தொட்டுப் பிறப்பது, டகரம் அன்று. கிரந்த எழுத்தைத் தவிர்ப்பவர்கள் கசுத்தில்யா என்று எழுதலாம். அதிலும் தகரம் கெடாமல் இருக்கிறது.

சொல்லின் வேர் லத்தீனில் உள்ளது. 'காஸ்த்ரும்' என்றால் அரண், படையிருப்பு. மான்செஸ்டர், லங்காஸ்டர் முதலிய ஆங்கில ஊர்ப்பெயர்களின் ஈற்றில் ஒட்டிக்கொண்டிருப்பதும் இதுவே. அதன் சிறுமை வடிவம் 'காஸ்தெல்லும்', சிற்றரண். பன்மை 'காஸ்தெல்லா', சிற்றரண்கள். லத்தீன் பேச்சுவழக்கில் சிதைந்து புதுமொழிகளாகப் பிரிந்தபோது, அகரத்தில் முடியும் அஃறிணைப் பன்மைகள் பல, பெண்பால் ஒருமைகளாகத் தோற்றம் மாறின. அந்த வரிசையில் 'கோட்டைகள்' என்ற பன்மைச் சொல் ஒரே நாட்டின் பெயராக உறைந்துவிட்டது. அடுத்த மாற்றம் அந்நாட்டாரின் வாயிலேயே நிகழ்ந்தது. அழுத்தம் பெற்ற எகரம் 'இயெ' என்று பிளந்து 'கஸ்தியெல்யா' ஆகி, பின் அதுவும் சுருங்கி 'கஸ்தில்யா' ஆயிற்று. அழுத்தம் விழாத இடத்தில் பழைய எகரம் அப்படியே நின்றது. நாடு கஸ்தில்யாவாகவும் அதன் மொழி 'கஸ்தெல்யானோ'வாகவும் வெவ்வேறு உயிரொலியுடன் வழங்குவதன் காரணம் இதுதான்.

தெற்கே ஆண்ட அரபியர் இந்த நிலத்தை ஒலிபெயர்த்ததோடு நில்லாமல் மொழிபெயர்த்தும் வழங்கினர். அவர்களுடைய வரலாற்றுக் குறிப்புகளில் 'அல்-கிலா' என்று வருவது இந்நாடே. 'கலா' என்றால் கோட்டை, 'கிலா' அதன் பன்மை. அதே அரபுச் சொல் பாரசீகம் வழியாகக் கிழக்கே பயணப்பட்டு, நவாபு காலத்தில் கோட்டைத் தலைவரைக் குறித்த 'கில்லேதார்' என்னும் சொல்லில் தமிழகம்வரை வந்து சேர்ந்தது. மேற்கே அது ஸ்பானியத்துக்குள் புகுந்து 'அல்கலா' என்னும் ஊர்ப்பெயராகத் தங்கியது. இதைவிட வேடிக்கையானது 'அல்காசர்': லத்தீனின் காஸ்த்ரும் கிழக்கே சென்று அரபியில் 'கஸ்ர்' ஆகி, அரபியரோடு மேற்கே திரும்பி ஸ்பானியத்தில் அரண்மனைக் கோட்டையைக் குறிக்கும் சொல்லானது. செகோவியா நகரத்து அல்காசர், சொல்லளவில் கஸ்தில்யாவின் உடன்பிறப்பு.

கி.பி. 800ஆம் ஆண்டுக்குரியதாகக் கொள்ளப்படும் தாரங்கோ மடத்து ஆவணத்தில் 'காஸ்தெல்லா நிலப்பகுதியில்' என்ற தொடர் வருகிறது. மேனா பள்ளத்தாக்கில் தேவாலயம் எழுப்பிய விதூலோ என்னும் மடத்துத் தலைவர் விட்டுச்சென்ற கொடைப்பத்திரம் அது. பெயரின் மிகப் பழைய பதிவாக அதையே காட்டுகின்றனர். 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த, வடக்கே இருந்த கிறித்தவ அரசான அஸ்தூரியாவின் வரலாற்றேடு, 'இப்போது காஸ்தெல்லா எனப்படும் பர்தூலியா' என்று பழைய பெயரையும் சேர்த்துச் சொல்கிறது. அரபுப் படைகள் கோடைதோறும் அண்டைப் பகுதியான ஆலாவாவையும் கஸ்தில்யாவையும் தாக்கி வந்ததால், அங்கே குடியேறியவர்கள் பாறை முகடுகளிலும் ஆற்றுக் கணவாய்களிலும் சிறுசிறு காவலரண்களைக் கட்டிக்கொண்டனர். கண்ட காட்சியே பெயராயிற்று. 884இல் நிறுவப்பட்டுப் பின்னர் தலைநகரான புர்கோஸின் பெயரும் அரண் என்னும் பொருளுடையதே.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'கோட்டை' என்றவுடன் நமக்குச் செஞ்சியும் வேலூரும் நினைவுக்கு வருகின்றன. காஸ்தெல்லும் அத்துணைப் பெரிதன்று. பாறைமேல் ஒரு கோபுரமும் அதைச் சுற்றி ஒரு மதிலும் இருந்தாலே அந்தப் பெயர் பொருந்தும். அதற்கு இணையான சொல் நம்மிடம் முன்பே இருந்தது, குறும்பு. சங்க இலக்கியத்தில் குறும்பு என்பது அரண். அவ்வகை அரண்களில் இருந்துகொண்டு பேரரசர்க்கு அடங்காமல் நின்றவர் குறும்பர். 'வேந்தலைக்கும் கொல்குறும்பும் இல்லது நாடு' என்ற குறளில் (735) வரும் குறும்பு, அரணிலிருந்து அதில் வாழ்ந்து வேந்தனை வருத்தியோர்க்குப் பெயர்ந்த சொல். மேற்கே இருந்த அண்டை நாடான லெயோனின் அரசருக்குப் பெயரளவில் கட்டுப்பட்டுக்கொண்டே அவரை ஓயாமல் அலைக்கழித்த கஸ்தில்யத் தலைவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ஆனால் இன்று 'குறும்புநாடு' என்று எழுதினால் பள்ளிக்கூடத்துச் சேட்டைதான் நினைவுக்கு வரும். எனவே பொருள் விளக்கும் இடத்தில் 'கோட்டைநாடு' என்றும், பெயராக வழங்கும் இடத்தில் கஸ்தில்யா என்றும் எழுதுவதே நடைமுறைக்கு ஏற்றது.

ஆட்சிநிலைச் சொற்களுக்கும் நம் மரபு கைகொடுக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் ஃபெர்னான் கொன்சாலஸ் தாங்கிய 'கோந்தே' பட்டத்தை எழுத்துப்பெயர்ப்பாகத் தருவதைவிடக் குறுநில மன்னர் என்பதே வாசகருக்கு உடனே விளங்கும். அந்தக் குறுநிலம் 1029இல் நவார்ரா மன்னரின் மகன் ஃபெர்னாந்தோவின் கைக்கு வந்தது. 1037இல் தாமரோன் போரில் அவருடைய மைத்துனரும் லெயோன் மன்னருமான மூன்றாம் பெர்முதோ வீழ்ந்தார். அடுத்த ஆண்டு ஃபெர்னாந்தோ லெயோனில் முடிசூடினார். 1065இல் அவர் இறந்து நாடு பங்கிடப்பட்டபோது மூத்த மகன் சாஞ்சோவுக்குக் கஸ்தில்யா தனி அரசாகவே கிடைத்தது. 1085இல் சாஞ்சோவின் தம்பி ஆறாம் அல்போன்சோ தொலேதோவைக் கைப்பற்றினார். பிரிந்தும் சேர்ந்தும் வந்த கஸ்தில்யாவும் லெயோனும் 1230இல் மூன்றாம் ஃபெர்னாந்தோவின்கீழ் நிலையாக இணைந்தன. அவரே 1236இல் கோர்தோபாவையும் 1248இல் செவில்யாவையும் வென்றார். பல அரசுகள் ஒருவர் தலைமையில் நின்ற இந்த அமைப்பு ஸ்பானியத்தில் 'கொரோனா'. முடியுடை வேந்தர் என்ற வழக்குள்ள தமிழில் இதைக் 'கஸ்தில்ய முடி' என்று தயக்கமின்றி எழுதலாம்; 1230க்கு முந்தையதைக் 'கஸ்தில்ய அரசு' என்று பிரித்துக் காட்டினால் குழப்பமும் நீங்கும். 1474இல் அரசியான இசபெல், 1492இல் தெற்கே எஞ்சியிருந்த முஸ்லிம் அரசான கிரனாதா வீழ்ந்ததும் அதையும் இம்முடியோடு சேர்த்தார்.

அந்த முடியின் சின்னம் பெயரையே படமாக்கியது. சிவப்பு நிலத்தில் பொன்னிறக் கோட்டை, அதன்மேல் மூன்று கோபுரங்கள், நீல நிறத்தில் வாயிலும் சாளரங்களும். பக்கத்துக் கட்டத்தில் லெயோனுக்கு ஒரு சிங்கம். இன்றைய ஸ்பெயினின் அரசுச் சின்னத்திலும் இரண்டும் அருகருகே உள்ளன. கோட்டை, சொல்லுக்கு உண்மையானது. சிங்கம் அப்படியன்று: லெயோன் என்ற பெயர் அங்கே பாசறை அமைத்திருந்த ரோமானியப் படைப்பிரிவின் பெயரான 'லெகியோ'விலிருந்து வந்தது, ஒலியொப்புமையால் சிங்கம் உள்ளே நுழைந்துவிட்டது.

கஸ்தில்யா விட்டுச்சென்றவற்றுள் பெரியது அதன் மொழி. 1252 முதல் 1284 வரை ஆண்ட பத்தாம் அல்போன்சோ, சட்டத்தையும் வானியலையும் வரலாற்றையும் லத்தீனில் அன்றித் தம் நாட்டு மொழியில் எழுதுவித்தார். அறிஞர் நெப்ரிகா இம்மொழிக்கு எழுதிய இலக்கண நூல் 1492இல் இசபெலுக்குக் காணிக்கையாக வெளிவந்தது. ஸ்பெயினின் 1978ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் நாட்டின் ஆட்சிமொழியை 'கஸ்தெல்யானோ' என்றே பெயரிடுகிறது. கத்தலான், பாஸ்க், காலீசியம் ஆகியவையும் ஸ்பெயினின் மொழிகளே என்பதால் ஒன்றை மட்டும் 'ஸ்பானியம்' என்றழைக்கப் பலர் விரும்புவதில்லை. தமிழில் பொதுவாக ஸ்பானியம் என்பது போதும். ஆனால் இம்மொழிகளைப் பக்கத்தில் வைத்துப் பேசும் இடத்தில் 'கஸ்தில்யம்' என்று எழுதுவதே துல்லியம்.

நாம் மனக்கோட்டை கட்டுகிறோம் என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் 'ஸ்பெயினில் கோட்டை கட்டுதல்' என்பார்கள். பெயர் இன்று கஸ்தில்யா-லெயோன், கஸ்தில்யா-லா மஞ்சா என்னும் இரு தன்னாட்சிப் பகுதிகளில் வாழ்கிறது. மூன்றாவது இடம் யாரும் எதிர்பாராதது. 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் ஜப்பானுக்குக் கொண்டுசென்ற ஒரு கேக், 'கஸ்தில்யாவின் ரொட்டி' என்ற பொருளில் அங்கே 'கசுத்தெரா' என்று பெயர்பெற்றது. முட்டையும் சர்க்கரையும் மாவும் சேர்ந்த அந்த மஞ்சள் நிறத் துண்டுகளை நாகசாகியில் இன்றும் நீளப் பெட்டிகளில் அடுக்கி விற்கிறார்கள்.