பாலையாதல்

'டெசர்ட்டிஃபிகேஷன்' என்பதற்குப் பாலைவனமாதல், பாலைவனமாக்கம் என்று எழுதி வருகிறோம். பொருள் புரிந்துவிடும். கூடவே, எங்கோ கிடக்கும் மணற்காடு நகர்ந்து வந்து வயல்களை விழுங்குவதாக ஒரு படமும் மனத்தில் பதிந்துவிடும். அந்தப் படம் தவறு.

1994-இல் பாரிசில் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கை இதைத் தெளிவாக வரையறுக்கிறது: வறண்ட, ஓரளவு வறண்ட, ஈரம் குறைந்த நிலங்கள் தட்பவெப்ப மாறுபாட்டாலும் மனிதச் செயலாலும் வளம் குன்றுவது. கடும் வறட்சி நிலங்களான உண்மைப் பாலைகள் இந்த வரையறைக்குள் வரவே இல்லை. அதுதான் சரி. ஆப்பிரிக்காவின் தென்மேற்கிலுள்ள நமீப் பாலையில் வெல்விட்சியா என்ற செடி இரண்டே இலைகளோடு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் உயிர்வாழ்கிறது. அந்த நிலத்துக்கு நோய் எதுவும் இல்லை; அதை அதன் இயல்பிலேயே விட்டுக் காக்க வேண்டும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் உள்ளது. 'டெசெரெரே' என்றால் கைவிடுதல். கைவிடப்பட்ட இடம் 'டெசர்ட்டம்'. 1949-இல் பிரெஞ்சு வனவியலாளர் ஓப்ரெவில் இச்சொல்லைப் பரவலாக்கினார். ஆண்டுக்கு 700 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் ஆப்பிரிக்கப் பகுதிகளிலும், காட்டை வெட்டி எரித்ததால் மண் அரித்துப்போய் நிலம் பாலையாவதை அவர் பதிவு செய்தார். மணல் எங்கிருந்தும் வரவில்லை. நிலம் இருந்த இடத்திலேயே கெட்டது. பிறகு சகாராவின் தெற்கு விளிம்பான சகேல் பகுதியைப் பெரும் வறட்சி தாக்க, இதைப் பற்றி ஐ.நா. 1977-இல் நைரோபியில் நடத்திய மாநாட்டோடு சொல் உலகெங்கும் போனது.

ஓப்ரெவில் கண்டதைச் சொல்ல நம்மிடம் பழைய சொல் உண்டு. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதை:

"முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்"

காடும் மலையும் தம் இயல்பு கெட்டுக் கொள்ளும் வடிவமே பாலை. உடன்படிக்கையின் வரையறையோடு இது எவ்வளவு நெருங்கி நிற்கிறது, பாருங்கள்! சங்கப் பாடல்களின் பாலையும் வெறும் மணல்வெளியாக இருப்பதில்லை. யா மரத்தின் பட்டையை உரித்துத் தன் பிடியின் (பெண் யானையின்) பசி தீர்க்கும் களிறு அங்கே உண்டு.

அதனால் 'வனம்' வேண்டாம், 'பாலையாதல்' போதும் என்பது என் துணிபு. 'ஆக்கம்' என்ற ஈறும் எனக்கு உவப்பில்லை. செல்வம், வளர்ச்சி என்றும் பொருள்படும் சொல்லை நிலத்தின் சீரழிவுக்குச் சூட்டுவது பொருந்தவில்லை.

'திரிந்து' என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. திரிந்த நிலத்தைத் திருத்தவும் முடியும். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவில் யாகூபா சவடோகோ என்ற உழவர், கெட்டிப்பட்ட தரையில் கோடையிலேயே சிறு குழிகள் வெட்டி எரு இட்டார். எருவைத் தேடி வந்த கறையான்கள் மண்ணைத் துளைத்தன. மழைநீர் உள்ளே இறங்கியது. தானியத்தோடு மரமும் முளைத்தது. நைஜர் நாட்டின் தென்பகுதியில், வெட்டுண்ட மரங்களின் அடிக்கட்டைகள் மண்ணுக்குள் உயிரோடுதான் இருந்தன. மரமெல்லாம் அரசுடைமை என்றிருந்த காலத்தில் அவற்றின் துளிர்களைக் காக்க யாரும் முனையவில்லை. தம் வயலின் மரம் தமக்கே என்ற நிலை வந்ததும் உழவர்கள் துளிர்களை வெட்டாமல் வளரவிட்டார்கள். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பின.