முழுப் பாக்கெட்டுக்கு முழு லிட்டர்

வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடியான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். முழுப் பொடியையும் ஒரு லிட்டர் குடிநீரில் கரைக்க வேண்டும் என்று சொல்லும் வரி. அதை யாரும் படிக்காததால் பத்து மாதக் குழந்தை ஒன்று வலிப்போடு எங்கள் வார்டுக்கு வந்தது. இப்படி வரும் முதல் குழந்தை என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒவ்வொரு வெயில் காலத்திலும் வருகிறார்கள், மழை தொடங்கியதும் இன்னும் கொஞ்சம் பேர் வருகிறார்கள். கதை எல்லாம் ஒன்றுதான்.

குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்றால் போயிருக்கிறது. அப்பா மெடிக்கலில் போய் ஓ.ஆர்.எஸ். கேட்டு வாங்கி வந்திருக்கிறார். 21 கிராம் பாக்கெட். அதை அப்படியே பால் பாட்டிலில் கொட்டி, 200 மில்லி தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொடுத்திருக்கிறார்கள். தாகத்தில் தவித்த குழந்தை மடமடவென்று குடித்தது. குடிக்கக் குடிக்கத் தாகம் கூடியது. "நல்லா குடிக்குறானே" என்று இன்னொரு பாக்கெட்டையும் அதேபோல் கரைத்தார்கள். விடியற்காலையில் கை கால் இழுத்துக்கொண்டது. ரத்தத்தில் சோடியம், அதாவது உப்பின் அளவு, லிட்டருக்கு 170 மில்லிமோலைத் தாண்டியிருந்தது. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

"கெட்டியா கரைச்சா சீக்கிரம் கேக்கும்னு நெனச்சேன் மேடம்" என்றார் அந்த அம்மா. அவரை நான் திட்டவில்லை. திட்ட வேண்டியவர்கள் பட்டியலில் அவர் கடைசி ஆள். ஆனால் அந்த நினைப்பை மட்டும் நான் விடப்போவதில்லை.

கெட்டியாகக் கரைத்தால் சீக்கிரம் கேட்காது. ஓ.ஆர்.எஸ். சத்து மாவும் இல்லை, டானிக்கும் இல்லை. பேதியை நிறுத்தும் மருந்து என்றுகூட அதைச் சொல்ல முடியாது. பேதியில் போன தண்ணீரையும் உப்பையும் திருப்பி வைப்பது மட்டுமே அதன் வேலை. தண்ணீருக்கும் உப்புக்கும் குளுக்கோசுக்கும் இடையே உள்ள விகிதம் சரியாக இருந்தால்தான் அந்த வேலை நடக்கும். விகிதம் தப்பினால் அதே பொடி உடம்பில் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுக்கும்.

கணக்கைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய அளவுப்படி, ஒரு லிட்டரில் 2.6 கிராம் சாதா உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சோடியம் சிட்ரேட். மொத்தம் 20.5 கிராம். இப்படிக் கரைத்தால் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் வரும். அதே பொடியை 200 மில்லியில் கரைத்தால் ஐந்து மடங்கு, அதாவது 375. கடல் தண்ணீரில் 470-480 இருக்கும். கடல் தண்ணீரை உங்கள் குழந்தைக்குக் கொடுப்பீர்களா? பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தது அதற்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

முழுப் பாக்கெட்டையும் கொட்டுவது ஒரு தப்பு. இன்னொன்று, டம்ளருக்கு ஒரு ஸ்பூன் போட்டு மீதியைச் சுருட்டி வைத்துக்கொள்வது. அந்த ஸ்பூன் எந்த ஸ்பூன், டம்ளர் எத்தனை மில்லி? வீட்டு டம்ளர் 150-ஆ 250-ஆ என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. பொடியில் இருக்கும் உப்பும் குளுக்கோசும் ஒரே சீராகக் கலந்திருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை, ஒரு ஸ்பூனில் உப்பு கூடும், அடுத்ததில் குறையும். மறுநாள் பார்த்தால் மீதிப் பொடி ஈரம் கோர்த்துக் கட்டியாகி இருக்கும். மூன்றாவது தப்பு நேர் எதிர்: பாக்கெட் வீணாகக் கூடாது என்று நீர்க்க நீர்க்கக் கரைப்பது. அதில் சோடியம் தாழ்ந்துபோகும். அதற்கும் வலிப்பு வரும்.

கடையில் இரண்டு அளவில் பாக்கெட் கிடைக்கிறது. 21 கிராம் பக்கத்தில் இருந்தால் ஒரு லிட்டர். 4 கிராம் சொச்சம் இருந்தால் 200 மில்லி. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஒரே பெயர் இருக்கும், ஒரே ஆரஞ்சு படம் போட்டிருக்கும். போன தடவை வாங்கியது சின்னது, இந்தத் தடவை கிடைத்தது பெரியது, கை பழக்கத்தில் அதே பாட்டிலில் கரைத்துவிடுகிறார்கள். நான் பார்க்கும் குழந்தைகளில் பலர் இந்த மாறாட்டத்தில்தான் மாட்டுகிறார்கள். படித்த வீடு, படிக்காத வீடு என்ற வித்தியாசமே இல்லை.

சோடியம் ஏறிய குழந்தைக்கு வைத்தியம் பார்ப்பது எளிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீர்ச்சத்து எவ்வளவு போயிருக்கிறது என்பது வெளியே சரியாகத் தெரியாது. நாடித்துடிப்பு ஓரளவு நன்றாக இருக்கும், தோலைத் தொட்டால் பிசைந்த மாவுபோல் இருக்கும், குழந்தை ஓயாமல் சிணுங்கும். ஏறிய சோடியத்தைச் சட்டென்று இறக்கவும் முடியாது. இறக்கினால் மூளை வீங்கும். இரண்டு நாளோ அதற்கு மேலோ, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். பத்து மாதக் குழந்தையின் கையில் அத்தனை முறை ஊசி குத்துவது பின்பக்கத்தில் இருக்கும் ஒரு வரிக்காக.

இந்தக் கரைசல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அதன் அளவை மதிக்கத் தோன்றும். 1971-இல் கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், போர் நடந்தபோது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். எல்லையோரம் பங்காவ் ஊரில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. குழந்தை மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் எடை போட்டு, பைகளில் அடைத்து, முகாமில் டிரம்களில் கரைத்து வைத்தார். நோயாளிகளின் அம்மாக்களும் அண்ணன் தம்பிகளும்தான் அதை மொண்டு கொடுத்தார்கள். முப்பது சதவீதம் வரை போயிருந்த சாவு நான்கு சதவீதத்துக்கும் கீழே வந்தது. டாக்காவில் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதை ஆராய்ச்சி செய்து காட்டியிருந்தார்கள். மருத்துவமனைக்கு வெளியே, சாதாரண ஜனங்கள் கையில் கொடுத்தாலும் வேலை செய்யும் என்று காட்டியது பங்காவ். 2022-இல் அவர் காலமான பிறகுதான் பத்ம விபூஷண் கொடுத்தார்கள்.

பிறகு வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் செய்தது இன்னும் எனக்குப் பிடித்த வேலை. 1980 தொடங்கிப் பத்து ஆண்டுகள், வீடு வீடாகப் பெண் ஊழியர்களை அனுப்பி, ஒரு கோடிக்கு மேற்பட்ட அம்மாக்களுக்கு உப்பும் வெல்லமும் சேர்த்துக் கரைசல் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (சுமார் அரை லிட்டர்) தண்ணீர். கற்றுக்கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடவில்லை. சில வாரம் கழித்து வேறு ஆட்கள் போய் அதே அம்மாக்களைச் சிலரைக் கரைக்கச் சொல்லி, அந்தக் கரைசலை வாங்கிப் போய் உப்பு அளவைச் சோதித்தார்கள். சரியாகக் கரைத்த அம்மாக்களின் எண்ணிக்கையைப் பொறுத்துத்தான் ஊழியருக்குச் சம்பளம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அளவைச் சரியாகப் பிடித்தார்கள், ஏனென்றால் ஒருவர் எதிரே உட்கார்ந்து செய்து காட்டினார். நம் ஊரில் பாக்கெட்டைக் கவுண்டரில் தள்ளிவிட்டுச் சில்லறையை எண்ணுகிறோம்.

உலகம் முழுக்க ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 4.4 லட்சம் பேர் இன்றும் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் சாகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு பாக்கெட்டும் ஒரு துத்தநாக (ஜிங்க்) மாத்திரை அட்டையும் இருந்தால் காப்பாற்றக்கூடிய சாவுகள் இதில் ஏராளம். இதில் அளவு தெரியாமல் கொடுத்துக் கெடுப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

டெட்ரா பேக் பானங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேதி என்றதும் பழப் படம் போட்ட அட்டைப் பெட்டியை வாங்கி ஸ்ட்ரா போட்டுக் கொடுக்கிறார்கள். சர்க்கரை அதிகம், உப்பு போதாது. அதிகச் சர்க்கரை பேதியைக் கூட்டும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் இதை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடினார். 2025 அக்டோபரில்தான், உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. பெயர் போனாலும் பழக்கம் போகாது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். குளுக்கோஸ் பவுடர், சோடா, பாட்டில் ஜூஸ் எதுவும் இதற்கு மாற்று கிடையாது.

சரி, எப்படிக் கரைப்பது? ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதைவிட நல்ல அளவுப் பாத்திரம் வீட்டில் கிடையாது. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரை ஒரு லிட்டர் அளந்து சுத்தமான பாத்திரத்தில் ஊற்றி, 21 கிராம் பாக்கெட்டை முழுவதும் கொட்டிக் கலக்குங்கள் (சின்னப் பாக்கெட் என்றால் 200 மில்லி தண்ணீர்). கலந்த பிறகு சூடாக்கக் கூடாது. பால், சர்க்கரை, ஜூஸ் எதையும் சேர்க்கக் கூடாது. மூடி வையுங்கள். 24 மணி நேரம் ஆனதும் மீதி இருந்தால் கொட்டிவிடுங்கள், வீணாகப் போகிறதே என்று மனசு கேட்காமல் எடுத்து வைக்காதீர்கள்.

குழந்தைக்குக் கொடுக்கப் பால் பாட்டில் வேண்டாம், டம்ளரும் ஸ்பூனும் போதும். ஒவ்வொரு முறை தண்ணியாகப் போகும்போதும், இரண்டு வயதுக்குள் இருந்தால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் இருந்தால் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மெதுவாகத் தொடருங்கள். பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பும் போடுங்கள். பாக்கெட் கிடைக்கும்வரைதான் இது.

துத்தநாக மாத்திரை 14 நாள். ஆறு மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10. பேதி மூன்றாம் நாளே நின்றுவிட்டாலும் 14 நாளையும் முடியுங்கள். பாதி அட்டையோடு நிறுத்தும் வீடுகள்தான் அதிகம்.

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். "குடல் ஓய்வெடுக்கட்டும்" என்று இரண்டு நாள் பட்டினி போட்டால் குழந்தை மெலியும், மெலிந்த குழந்தைக்கு அடுத்த பேதி சீக்கிரம் வரும். இட்லி, குழைந்த சாதத்தில் பருப்பு, தயிர் சாதம், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கூடுதல் முறை பால் கொடுங்கள்.

இந்த இடத்தில் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தைக்குப் பேதி என்றதும், "உன் பால்தான் ஒத்துக்கலை, நீ கண்டதத் தின்னுருக்க" என்று அம்மாவைப் பத்தியத்தில் போட்டுவிடுகிறீர்கள். ரசம் சாதமும் பூண்டும் மட்டும் சாப்பிட்டு, ராத்திரியெல்லாம் துணி மாற்றிக்கொண்டு, பேச்சும் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். பலருக்கு ஏற்கனவே ரத்தசோகை. தாய்ப்பால் பேதியை உண்டாக்குவதில்லை, பேதியிலிருந்து காப்பாற்றுகிறது. அந்தப் பெண்ணுக்கு வயிறாரச் சோறு போடுங்கள். ராத்திரி ஒரு முறையாவது குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவரைத் தூங்க விடுங்கள்.

பல் முளைப்பதால் பேதி வராது. அந்த வயதில் குழந்தை தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடுகிறது, அதனால் வருகிறது. தொக்கம் எடுக்கப் போகாதீர்கள். அங்கே போய்த் திரும்பும் அரை நாளில் உடம்புத் தண்ணீர் வற்றிவிடும். பேதியை நிறுத்தப் பெரியவர்கள் சாப்பிடும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். குடல் அசைவு நின்று வயிறு உப்பிவிடும். ஆன்டிபயாடிக்கும் தானாக வாங்காதீர்கள், தண்ணியாகப் போகும் பேதிக்குப் பெரும்பாலும் அது தேவையே இல்லை.

கண் குழிவிழுந்து, உச்சிக்குழி அமுங்கி, அழுதால் கண்ணீர் வராமல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம். மலத்தில் ரத்தம், குடிக்க முடியாத சோர்வு, எதைக் கொடுத்தாலும் வாந்தி, வலிப்பு, இதில் எது இருந்தாலும் உடனே மருத்துவமனை. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் வேறு எந்த அறிகுறிக்கும் காத்திருக்காமல் வாருங்கள். வரும்போது கரைத்த பாக்கெட்டின் காலி உறையைக் கையோடு கொண்டு வாருங்கள், எவ்வளவு தண்ணீரில் கரைத்தீர்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் நாங்கள் எந்தச் சலைன், எவ்வளவு வேகம் என்று முடிவு செய்வோம்.

6, 10, 14 வாரத்தில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அரசு மையங்களில் இலவசம். தவறவிடாதீர்கள்.

மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் தம்பிகளே, அண்ணன்களே, அக்காக்களே, உங்களிடம்தான் முக்கியமாகக் கேட்கிறேன். 21 கிராம் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கும் முன், பேனாவை எடுத்து அதன் முன்பக்கத்தில் பெரிதாக '1 லிட்டர்' என்று எழுதுங்கள். சின்னதாக இருந்தால் '200 மில்லி'. வாங்க வந்தவரிடம் அதை வாய்விட்டு ஒருமுறை சொல்லி, "எவ்வளவு தண்ணில கரைப்பீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சரியாக வந்த பிறகு பாக்கெட்டைக் கையில் கொடுங்கள்.