யாழ்ப்பாணத்துக்கு 29 பேர்

கருத்துக்கணிப்புக்காக ஒரு வீட்டுப் படலையைத் தட்டினால், நான் கேட்பதற்கு முன் வீட்டார் கேட்டுவிடுவார்கள்: "தம்பி, இது அஸ்வெசுமவுக்கோ?" 2023இல் அந்த நிவாரணத் திட்டம் தொடங்கியதிலிருந்து, வீட்டு வருமானம் பற்றி யார் விசாரித்தாலும் சனம் அப்படித்தான் நினைக்கிறது. அப்புறம் சொல்லும் தொகை தானாகவே குறையும். வெளிநாட்டிலிருந்து பிள்ளை அனுப்பும் காசு கணக்கில் வராது. இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கிடைக்கவேண்டியது கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அது. அதனால்தான் முதல் ஐந்து நிமிடத்தையும் விளக்கம் சொல்வதிலேயே செலவழிக்கும்படி கேள்வி கேட்கப் போகும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்.

அரசியல் கேள்வி வந்தால் இன்னொரு பயம். யுத்த காலத்தில் வீடு வீடாக வந்து பெயர் எழுதியவர்களை இங்கே யாரும் மறக்கவில்லை. "அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது தம்பி" என்பார்கள். அறிக்கையில் அது "கருத்து இல்லை" என்று ஏறும். கொழும்பில் இருந்து வாசிப்பவர், வடக்குச் சனத்துக்கு அரசியலில் அக்கறையில்லை என்று எடுத்துக்கொள்வார். அந்த விறாந்தையில் இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், வாய் மூடியிருந்ததன் காரணம்.

எண்ணிக்கைக்கு வருவோம். 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் சனத்தொகை சுமார் 2 கோடியே 3 இலட்சம். யாழ்ப்பாண மாவட்டத்தில் சுமார் 5 இலட்சத்து 83 ஆயிரம். நாடு முழுவதும் 1000 பேரிடம் கேட்கும் கணிப்பில், விகிதப்படி எங்கள் மாவட்டத்துக்குக் கிடைப்பது 29 பேர். ஆயிரம் பேருக்குப் பிழை எல்லை, அதாவது கணிப்பு உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு, 3 வீதம் கூடக் குறைய. சரி, நல்ல கணிப்புத்தான். ஆனால் அந்த 29 பேரை மட்டும் பிரித்தெடுத்தால் பிழை 18 வீதத்தைத் தொடும். "யாழ்ப்பாணத்தில் பாதிப்பேர் ஆதரவு" என்று ஒரு தலைப்பு வந்தால், உண்மை 32 ஆகவும் இருக்கலாம், 68 ஆகவும் இருக்கலாம். வடக்கைப் பற்றிப் பேச விரும்பும் நிறுவனம் இங்கே கூடுதலான பேரை எடுத்து, நாட்டு மொத்தம் போடும்போது அவர்களின் பதில்களுக்கு எடையைக் குறைத்துக் கணக்கிடவேண்டும். செலவு கூடும் என்பதால் பலர் செய்வதில்லை. எனக்கு மிகவும் கவலை தரும் விடயம் இதுதான்.

முகநூல் வாக்கெடுப்பு இன்னும் மோசம். அதில் வாக்குப் போடுபவர்களில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. இங்கே வாக்குச்சாவடிக்கு வருபவர்கள் அவர்கள் இல்லை. எண்ணிக்கை பெரிதாக இருப்பதில் பலன் இல்லை. 1936இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் ஒரு சஞ்சிகை நடத்திய கணிப்புக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். வேட்பாளர் அல்ஃப் லாண்டன் வெல்வார் என்றது அது, வென்றவர் ரூஸ்வெல்ட். 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்திக்குப் போனபோது, தேநீர்க்கடைக் கதையையும் முகநூலையும் நம்பியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

வீட்டுக்குள்ளும் யாரிடம் பேசுவது என்பதை நாங்கள் விருப்பம்போல் தீர்மானிப்பதில்லை. அதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரு வீட்டில் மருமகள் தெரிவானார். "அவளுக்கு என்ன தெரியும், என்னைக் கேளும்" என்றார் மாமனார். வீட்டில் கடனே இல்லை என்றும் சொன்னார். மறுநாள் திரும்பப் போனோம். நுண்கடன் தவணைக்காக வாராவாரம் என்ன பாடுபடுகிறார் என்று அந்தப் பெண் முக்கால் மணிநேரம் கதைத்தார்.

ஆகவே படலைக்கு யாராவது வந்தால், யார் செய்விக்கிறார்கள், எதற்கு என்று முதலில் கேளுங்கள். அடையாள அட்டை இலக்கம் கேட்டால் கொடுக்கவேண்டாம். கருத்துக்கணிப்புக்கு அது தேவையில்லை. தொலைபேசி இலக்கம் கேட்பது, நாங்கள் உண்மையிலேயே வந்தோமா என்று மேற்பார்வையாளர் சரிபார்ப்பதற்காக. விருப்பமில்லையென்றால் அதையும் மறுக்கலாம். பிடிக்காத கேள்வியைத் தாண்டச் சொல்லலாம். மருமகளோடுதான் கதைக்கவேண்டும் என்று சொன்னால், அவரைக் கூப்பிட்டுவிட்டு, தயவுசெய்து கொஞ்சம் தள்ளி இருங்கள்.